உங்கள் பிள்ளையின் நோய்க் குறிப்பு கம்ப்யூட்டருக்குப் போகிறது: பெற்றோர் கவனிக்க வேண்டியவை



பிள்ளை பிறந்ததும் கிளினிக்கில் ஒரு புத்தகம் கொடுக்கிறார்கள். ஆண் பிள்ளைக்கு நீல அட்டை, பெண் பிள்ளைக்கு இளஞ்சிவப்பு அட்டை. பிள்ளையின் எடை, உயரம், போட்ட ஊசி, அடுத்த தவணை எல்லாம் அதில் இருக்கிறது. பிறப்புப் பத்திரத்தோடு சேர்த்து பெட்டியிலோ அலமாரியிலோ பத்திரமாக வைத்திருப்பீர்கள். ஆறு வயது வரை அதுதான் பிள்ளையின் சுகாதாரச் சரித்திரம்.

இப்போது கிளினிக்கிலும் ஆஸ்பத்திரியிலும் பார்க்கிறீர்கள். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு கம்ப்யூட்டரில் தட்டுகிறார். "போன்ல பாத்துக்கோங்கம்மா, அதுல வந்திருக்கும்" என்கிறார் மிஸ்ஸி. நாமும் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுகிறோம். போனில் என்ன வருகிறது, யார் அதை எழுதுகிறார்கள், தப்பாக எழுதினால் யார் திருத்துவது என்று கேட்பதில்லை. இந்த இதழில் அதைப் பற்றித்தான் பாடம்.

காகிதத்தில் இருந்த கஷ்டம்

புக்கிட் தெங்கா வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முதலில் பக்கத்துக் கிளினிக். குறையவில்லை என்றால் புக்கிட் மெர்தாஜாம் ஆஸ்பத்திரி, அல்லது செபராங் ஜெயா ஆஸ்பத்திரி. இன்னும் பெரிய சங்கதி என்றால் பாலத்தைத் தாண்டி ஜோர்ஜ் டவுனில் உள்ள பினாங்குப் பெரிய ஆஸ்பத்திரி. காகித முறையில் இடத்துக்கு இடம் ஒரு ஃபைல், ஒரு கார்டு, ஒரு நம்பர். ஓர் ஆஸ்பத்திரியில் எடுத்த இரத்தப் பரிசோதனை அடுத்த ஆஸ்பத்திரிக்குத் தெரியாது. திரும்பவும் பிள்ளையின் கையில் ஊசியைக் குத்தி இரத்தம் எடுப்பார்கள்.

இதற்கு மேல் தோட்டத்துக்காரர்களுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. நம்மில் பலர் ஓரிடத்தில் நிலைத்து வாழ்ந்தவர்கள் அல்ல. தோட்டம் விற்கப்பட்டது, ரப்பர் போய் செம்பனை வந்தது, செம்பனையும் போய் தொழிற்சாலையும் வீடமைப்பும் வந்தன. குடும்பங்கள் லயத்தை விட்டு மலிவு வீட்டுக்குப் போயின. டிரசர் எழுதி வைத்த தோட்டத்து ஆஸ்பத்திரிப் பேரேடு என்ன ஆயிற்று? தேடினால் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? சிறு வயதில் நமக்கு என்ன ஊசி போட்டார்கள் என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோருக்குத் தோளில் உள்ள தழும்பைத் தவிர வேறு அத்தாட்சி இல்லை.

ஆகவே பிள்ளை எங்கே போனாலும் அதன் குறிப்பும் கூடவே போக வேண்டும் என்ற எண்ணம் நல்ல எண்ணம். அதில் சந்தேகமே வேண்டாம்.

கம்ப்யூட்டர் பதிவு என்றால் என்ன?

காகித ஃபைலைப் படம் பிடித்து கம்ப்யூட்டரில் வைப்பது மட்டும் அல்ல இது. டாக்டர் எழுதும் குறிப்பு, இரத்தப் பரிசோதனை முடிவு, எக்ஸ்ரே படம், மருந்துச் சீட்டு, தாதி எடுக்கும் காய்ச்சல் அளவு எல்லாம் ஒரே பெயரின் கீழ், ஒரே நம்பரின் கீழ் சேர்கின்றன. டாக்டர் மருந்து எழுதியதும் மருந்துக் கூடத்தில் அது தெரியும். ஒரு மருந்து பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாது என்று முன்பே பதிந்திருந்தால், கம்ப்யூட்டர் எச்சரிக்கை காட்டும்.

இந்தப் பதிவில் ஒரு பகுதியை வீட்டில் இருந்தே பெற்றோர் பார்ப்பதற்குத் திறந்துவிடும் ஜன்னல்தான் இணைய வாசல். கடவுச்சொல் போட்டு நுழைந்தால் அடுத்த தவணைத் தேதி, போட்ட ஊசி, சில இடங்களில் பரிசோதனை முடிவுகளும் தெரியும்.

நம் நாட்டில் இது நேற்று முளைத்த யோசனை இல்லை. பிறந்த நாள் முதல் இறுதிவரை ஒருவருக்கு ஒரே சுகாதாரப் பதிவு என்ற திட்டம் 1997-லேயே அரசாங்கத்தின் தொலைமருத்துவத் திட்டத்தில் இருந்தது. 1999-ல் திறக்கப்பட்ட செலாயாங் ஆஸ்பத்திரி, காகிதம் இல்லாமல் கம்ப்யூட்டரிலேயே இயங்கும்படி கட்டப்பட்டது. 2003-ல் பிள்ளைகளுக்கு மைகிட் கார்டு வந்தது. கோலாலம்பூரில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் என்றே எழுந்த துங்கு அசிசா மருத்துவமனையும் கம்ப்யூட்டர் முறையோடுதான் தொடங்கியது. ஆனால் எல்லா அரசாங்க ஆஸ்பத்திரிகளும் இன்னும் முழுதாக மாறவில்லை. 2023 ஜூன் மாதம் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்ட சுகாதார வெள்ளை அறிக்கைக்குப் பிறகு வேலை வேகம் பிடித்திருக்கிறது.

வெளிநாட்டில் ஒன்றைச் சொன்னால் விளங்கும். லண்டனில் கிரேட் ஓர்மண்ட் ஸ்திரீட் என்று 1852 முதல் நடக்கும் குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்று உண்டு. அங்கே 2019 ஏப்ரல் மாதம் காகிதங்களை ஒதுக்கிவிட்டு கம்ப்யூட்டர் பதிவுக்கு மாறினார்கள். அதோடு பெற்றோருக்கு ஓர் இணைய வாசலையும் திறந்தார்கள். தூரத்து ஊரில் இருந்து வரும் தாய், பிள்ளையின் பரிசோதனை முடிவையும் டாக்டரின் கடிதத்தையும் வீட்டிலேயே பார்க்கிறாள். பஸ் ஏறி வந்து கேட்டுப் போக வேண்டியதில்லை. ஒரு நாள் சம்பளமும் மிச்சம். நாள் கூலிக்காரனுக்கு அது பெரிய விஷயம் அல்லவா?

பிள்ளைகளுக்கு ஏன் தனிக் கவனம்?

பெரியவர்களின் பதிவில் சிறு பிழை இருந்தால், "இல்லீங்க டாக்டர், எனக்கு அந்த மருந்து ஆகாது" என்று வாய் திறந்து சொல்லலாம். பிள்ளையால் சொல்ல முடியாது. நாம்தான் அதன் வாய். நாலு இடங்களில் பிழை நுழையும். அந்த நாலையும் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலாவது, பெயர். பிறந்த உடனே பிள்ளைக்குப் பெயர் இருக்காது. "இன்னாரின் குழந்தை" என்றுதான் பதிவார்கள். பெயர் வைத்த பிறகு புதிதாக இன்னொரு பதிவு திறந்துவிட்டால் ஒரே பிள்ளை இரண்டு பிள்ளையாகிவிடும். முதல் பதிவில் இருக்கிற விவரம் இரண்டாவதில் இருக்காது. நம் பெயர்களை ரோமன் எழுத்தில் எழுதும் போதும் தொல்லைதான். லெட்சுமி என்ற பெயரை ஒரு கிராணி ஒரு மாதிரி எழுதுவார், இன்னொருவர் வேறு மாதிரி எழுதுவார். கம்ப்யூட்டருக்கு அது இரண்டு ஆள். பிறப்புப் பத்திரத்தில் உள்ள எழுத்தும் மைகிட் நம்பரும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள்.

இரண்டாவது, எடை. பிள்ளைக்கு மருந்து எடையைப் பார்த்துத்தான். காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாரசிட்டமோல் மருந்தையே பாருங்கள். ஒரு கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம் கணக்கு. 8 கிலோ பிள்ளைக்கு 80 முதல் 120 மில்லிகிராம். தட்டும் போது கை தவறி 8 என்பது 18 ஆகிவிட்டால், கம்ப்யூட்டர் 180 முதல் 270 வரை என்று கணக்குப் போடும். இரண்டு மடங்குக்கும் மேல்! கம்ப்யூட்டர் கணக்கில் தப்பாது, ஆனால் கொடுத்த எண் தப்பு என்றால் விடையும் தப்பு. எடை போட்டதும், "எத்தனை கிலோங்க மிஸ்ஸி? சரியா எழுதிட்டீங்களா?" என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

மூன்றாவது, ஒத்துக்கொள்ளாத பொருள். நம் நாட்டில் பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி என்ற சோதனை செய்வார்கள். இந்தச் சத்து குறைவான பிள்ளைகள் பார்க்க ஆரோக்கியமாகவே இருப்பார்கள். ஆனால் சில மருந்துகள் பட்டால் இரத்தச் சிவப்பணுக்கள் திடீரென உடையும். பிள்ளை வெளுத்துப் போகும், கண் மஞ்சளாகும், சிறுநீர் கறுத்துப் போகும். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டிய நிலை. துணிப் பெட்டியில் போடும் பாச்சை உருண்டையும் ஆகாது. ஆண் பிள்ளைகளுக்கே இது அதிகம். பிள்ளை பிறந்த ஆஸ்பத்திரிக்கு இது தெரியும். இன்னோர் ஊரில் இரவு நேரத்தில் பார்க்கும் டாக்டருக்கு எப்படித் தெரியும்? புத்தகம் இருந்தால் தெரியும். இல்லையென்றால் கம்ப்யூட்டரில் ஏறியிருந்தால் தெரியும். இரண்டும் இல்லை, கூட வந்த பாட்டிக்கும் தெரியாது என்றால் பிள்ளைக்குத்தான் ஆபத்து. பெனிசிலின் மாதிரி மருந்து ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கும் இதே கதைதான்.

நான்காவது, தடுப்பூசி. நம் தேசிய அட்டவணைப்படி பிறந்த நாள் முதல் ஒன்றரை வயதுக்குள் ஊசிக்குப் பத்துத் தவணை வருகிறது: பிறந்ததும், பின்பு 2, 3, 4, 5, 6, 9, 12, 15, 18 ஆம் மாதங்களில். 2020 நவம்பர் முதல் தொண்டை அடைப்பான், கக்குவான், இசிவு நோய், போலியோ, ஹிப் கிருமி, ஹெப்பட்டைட்டிஸ் பி ஆகிய ஆறுக்கும் ஒரே ஊசியாகப் போடுகிறார்கள். வீடு மாறும் போது பாதியில் விட்டுப்போவது இந்த ஊசிகள்தான். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிறகு 7 வயதில் மறுபடி ஊசி, 13 வயதில் பெண் பிள்ளைகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி, 15 வயதில் இசிவு நோய் ஊசி. பதிவு ஒழுங்காக இருந்தால் எது போட்டது, எது பாக்கி என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கையில் உள்ள வாசல்

நம் நாட்டுப் பெற்றோர் கைக்கு முதலில் வந்த வாசல் மைசெஜாத்தெரா. 2020-ல் கோவிட் காலத்தில் வந்தபோது, கடைக்குள் போவதற்குத்தான் பலரும் அதைத் திறந்தோம். அதன் பிறகு அரசாங்கக் கிளினிக் தவணை எடுக்கவும் அதில் வழி செய்தார்கள். பிள்ளைகளை "தங்குங்கான்", அதாவது நம்மைச் சார்ந்தவர்கள் என்று நம் கணக்கிலேயே சேர்க்கலாம். பிள்ளைகளின் தடுப்பூசி விவரத்துக்கும் அதில் இடம் உண்டு. உங்கள் பிள்ளையின் ஊசிகள் அதில் ஏறியிருக்கின்றனவா என்று திறந்து பாருங்கள். ஏறாமல் இருந்தாலோ தப்பாக இருந்தாலோ புத்தகத்தோடு கிளினிக்குக்குப் போய், ஊசி போட்ட பக்கத்தைக் காட்டித் திருத்தச் சொல்லுங்கள். அத்தாட்சி உங்கள் கையில் இருக்கும் போது யாரும் மறுக்க முடியாது.

வீட்டு விஷயம் வெளியே போகாதா?

நியாயமான கேள்வி. பிள்ளைக்கு வலிப்பு வருகிறது, இரத்தத்தில் கோளாறு என்ற விஷயங்கள் நாலு பேர் வாயில் விழுவதை எந்தத் தாயும் விரும்ப மாட்டாள். நாளைக்குக் கல்யாணப் பேச்சு வரைக்கும் அது போகும்.

பக்கத்து நாட்டில் நடந்ததைப் பாருங்கள். 2018-ல் சிங்கப்பூரின் சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்தின் கம்ப்யூட்டருக்குள் திருடர்கள் புகுந்து, சுமார் 15 லட்சம் நோயாளிகளின் சொந்த விவரங்களைக் கொண்டுபோனார்கள். பிரதமராக இருந்த லீ சியன் லூங்கின் விவரமும் அதில் அடக்கம். கே.கே. பெண்கள், குழந்தைகள் மருத்துவமனையும் அந்தக் குழுமத்தைச் சேர்ந்ததுதான். பிரதமருக்கே அந்த நிலை.

நம் நாட்டிலும் 2023 பிப்ரவரியில் வெளியான தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கை ஒன்றைச் சுட்டிக் காட்டியது. மைசெஜாத்தெராவில் பெரிய அதிகாரம் கொண்ட ஒரு கணக்கு வழியாக, 2021 அக்டோபரில் தடுப்பூசி போட்டுக்கொண்ட 30 லட்சம் பேரின் விவரங்கள் இறக்கி எடுக்கப்பட்டிருந்தன என்பதே அது. இன்னொன்றையும் தெரிந்து வைத்திருங்கள். 2010 ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனியார் கம்பெனிகளைக் கட்டுப்படுத்துகிறது. மத்திய, மாநில அரசாங்கங்களை அது கட்டுப்படுத்துவதில்லை. ஆகவே அரசாங்க ஆஸ்பத்திரிப் பதிவுக்கும் தக்க சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று கேட்பது பொதுமக்களின் கடமை.

இதற்காகப் பயந்து, "எனக்கு கம்ப்யூட்டரே வேண்டாம்" என்று ஒதுங்க வேண்டாம். காகித ஃபைலையும்தான் யாரும் திறந்து பார்க்கலாம், வெள்ளம் வந்தால் நனையும், கரையான் அரிக்கும். காகித ஃபைலை யார் திறந்தார்கள் என்று எங்கும் எழுதி இருக்காது. நல்ல கம்ப்யூட்டர் முறையில் யார், எப்போது திறந்தார்கள் என்று பதிவாகும். நம் பங்குக்கு நம் வாசலை நாம் பூட்டி வைப்போம். கடவுச்சொல்லைப் பக்கத்து வீட்டுப் பையனிடமும் போன் கடைக்காரரிடமும் சொல்லாதீர்கள். "ஆஸ்பத்திரியில இருந்து பேசுறோம், போன்ல வந்த நம்பரைச் சொல்லுங்க" என்று யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். அது மோசடிக்காரன் வேலை.

போன் இல்லாதவர் என்ன செய்வது?

தாயும் தகப்பனும் ஷிப்ட் வேலைக்குப் போய்விடுகிறார்கள். பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டு போவது பாட்டி. பாட்டிக்கு போன் பார்க்கத் தெரியாது, மலாயில் உள்ளதை வாசிக்கத் தெரியாது. அதற்காகப் பிள்ளை வரிசையின் கடைசிக்குப் போகலாமா? கூடாது. போன் என்பது வசதி, அது நுழைவுச் சீட்டு அல்ல. முகப்பில் நேராகப் போய், "போன் இல்லீங்க, நேரா வந்திருக்கோம்" என்று சொல்லுங்கள். அவசரம் என்றால் தவணை, செயலி எதையும் பார்க்க வேண்டாம். மூச்சுத் திணறல், வலிப்பு, பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது இவற்றுக்கு நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இதைவிடக் கடினமான நிலையும் நம்மிடையே உண்டு. பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகள். தாய் தகப்பன் திருமணம் பதியாமல் இருந்ததாலோ, ஐ.சி. தகராறாலோ நம் சமூகத்தில் பல பிள்ளைகள் பத்திரம் இல்லாமல் வளர்ந்தார்கள். 2017-ல் மெகா மைடாஃப்தார் என்று தனி இயக்கம் நடத்தும் அளவுக்கு அது பெரிய பிரச்சினையாக இருந்தது. நம்பரை வைத்துத்தான் கம்ப்யூட்டர் ஆளை அறிகிறது. நம்பர் இல்லாத பிள்ளை அதன் கண்ணுக்கு நிலையாகத் தெரியாது. வெளிநாட்டுக்காரர் என்று கணக்கிட்டால் கட்டணமும் கூடும். அப்படிப்பட்ட குடும்பம் உங்களுக்குத் தெரிந்திருந்தால் மறைக்காமல் சங்கக் கிளைக்காரர்களிடம் சொல்லுங்கள், பதிவு இலாகாவுக்கு அழைத்துப் போகட்டும். ஆஸ்பத்திரிகள் முழுதாக கம்ப்யூட்டருக்கு மாறுவதற்கு முன்னால் இந்த வேலை முடிய வேண்டும்.

கேள்வியும் பதிலும்

*புத்தகம் இனிமேல் எதற்கு?*
கண்டிப்பாக வேண்டும். மின்சாரம் போகும், லைன் போகும், போன் தண்ணீரில் விழும். ஓர் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் இன்னோர் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டரோடு பேசாமலும் இருக்கலாம். புத்தகத்துக்கு சார்ஜ் தேவையில்லை.

*போனில் பரிசோதனை முடிவு சிவப்பாகத் தெரிகிறது. பயப்படணுமா?*
பெரியவர்களின் அளவு வேறு, பிள்ளைகளின் அளவு வேறு. எண்ணைப் பார்த்து நீங்களாக முடிவு கட்டாதீர்கள், மருந்தையும் நிறுத்தாதீர்கள். கிளினிக்குக்குப் போன் போட்டோ நேரில் போயோ கேளுங்கள்.

*கணவர் பிரிந்து போய்விட்டார். பதிவு அவர் போனில் இருக்கிறது.*
1999-ல் திருத்தப்பட்ட பிள்ளைகள் பாதுகாவல் சட்டத்தின்படி தாய்க்கும் தகப்பனுக்கும் சம உரிமை உண்டு. பிறப்புப் பத்திரத்தையும் உங்கள் ஐ.சி.யையும் காட்டி, பிள்ளையை உங்கள் பெயரிலும் சேர்க்கக் கேளுங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

1. பிள்ளையின் புத்தகத்தை எடுத்து ஊசிப் பக்கத்தைப் பாருங்கள். விட்டுப்போன ஊசி உண்டா?

2. ஜி6பிடி சோதனை முடிவு எழுதியிருக்கிறதா? இல்லை என்றால் கிளினிக்கில் கேளுங்கள்.

3. ஊசிப் பக்கத்தையும் ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயரையும் போனில் படம் எடுத்து வையுங்கள்.

4. அதே விவரத்தை ஒரு சீட்டில் எழுதி, பாட்டியோ பிள்ளையைப் பார்த்துக்கொள்பவரோ எடுக்கும் இடத்தில் வையுங்கள்.

5. ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு அனுப்பும் போது, என்ன நோய், என்ன மருந்து, எப்போது திரும்ப வர வேண்டும் என்று எழுதிய சீட்டைக் கேட்டு வாங்குங்கள். வாங்காமல் வார்டை விட்டு இறங்காதீர்கள்.

6. எடை, பெயர், நம்பர் மூன்றையும் ஒவ்வொரு தடவையும் கேட்டுச் சரி பாருங்கள்.

7. படித்த அண்ணனோ அக்காவோ வீட்டில் இருந்தால், லயத்தில் உள்ள மற்றத் தாய்மார்களுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கட்டும்.

கம்ப்யூட்டர் நல்ல வேலைக்காரன். சொன்னதை மறக்காது. ஆனால் சொல்லாததைத் தானாகத் தெரிந்துகொள்ளவும் மாட்டாது. உங்கள் பிள்ளையைப் பற்றிச் சரியானதைச் சொல்லி, சரியாக எழுதியிருக்கிறார்களா என்று பார்ப்பது பெற்றோர் வேலை. கேள்வி கேட்கும் தாயை நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். தைரியமாகக் கேளுங்கள்.